அனுப்பும் முன் மூன்று கேள்விகள்

கல்வி உதவித்தொகைக்கான சான்றுகளைச் சேகரித்துக்கொண்டிருந்த நேரம். வருமானச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல் என ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, பதிவேட்டில் குறித்து வந்தேன். ஒன்பது பேர் மட்டும் பாக்கி. ஒவ்வொரு பெற்றோரிடமும் தனித்தனியே பேச நேரமில்லை. பதிவேட்டின் அந்தப் பக்கத்தை அப்படியே படம் எடுத்து, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு அடுத்த பாடவேளைக்குப் போய்விட்டேன்.

அந்தப் பக்கத்தில் பெயர் மட்டுமா இருந்தது? சாதி, ஆண்டு வருமானம், அலைபேசி எண் எல்லாம் இருந்தன. கடைசிக் கட்டத்தில் என் நினைவுக்காக நான் எழுதி வைத்த குறிப்புகளும் இருந்தன. ஒரு மாணவனின் பெயருக்கு நேரே, "தந்தை பிரிந்து சென்றுவிட்டார். தாய் வீட்டு வேலை" என்று என் கையெழுத்து.

அப்பா வெளிநாட்டில் வேலை பார்ப்பதாகத்தான் அவன் நண்பர்களிடம் சொல்லி வைத்திருந்தான். அது எனக்குத் தெரியாது. இரண்டு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான்.

"டீச்சர், அத எனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம்ல?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அந்த வாரம்தான் அவன் வகுப்பில் அடிப்படை உரிமைகள் பாடத்தை நடத்தி முடித்திருந்தேன். தனியுரிமை என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதியதும் நான்தான்.

அந்தப் பாடத்தை மறுபடி நடத்தினேன். முதலில் எனக்கு, பிறகு மாணவர்களுக்கு. அந்த அனுபவமே இந்தக் கட்டுரை.

ஒன்பது நீதிபதிகள் ஏன் அமர்ந்தார்கள்?

நம் அரசியலமைப்பில் தனியுரிமை என்று தலைப்பிட்ட பிரிவு எதுவும் இல்லை. 1954இல் எட்டு நீதிபதிகளும், 1962இல் ஆறு நீதிபதிகளும் அமர்ந்த உச்ச நீதிமன்ற அமர்வுகள், அப்படி ஓர் உரிமையை அரசியலமைப்பு தனியே உறுதி செய்யவில்லை என்ற கருத்தைத் தெரிவித்திருந்தன.

2012இல் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, ஆதார் திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். அப்போது அவர் 80 வயதைக் கடந்திருந்தார். தனியுரிமை அடிப்படை உரிமையா என்ற கேள்வி அந்த வழக்கில் எழுந்தது. எட்டுப் பேர் சொன்னதை மறுபரிசீலனை செய்ய ஒன்பது பேர் வேண்டும். அதனால்தான் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு. 2017 ஆகஸ்ட் 24 அன்று அந்த ஒன்பது பேரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: தனியுரிமை, உயிர் வாழ்வதற்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு தரும் 21ஆம் பிரிவின் பிரிக்க முடியாத பகுதி.

அந்த உரிமையில் அரசு தலையிட வேண்டுமானால் என்ன தேவை என்பதையும் தீர்ப்பு விளக்கியது. அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும். நியாயமான நோக்கம் இருக்க வேண்டும். எடுக்கும் நடவடிக்கை அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவை மிஞ்சக் கூடாது. இதை நான் பள்ளி மொழியில் மூன்று கேள்விகளாக எழுதி, என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

1. இதைக் கேட்கவோ பகிரவோ எனக்கு அதிகாரம் இருக்கிறதா?
2. எதற்காகச் செய்கிறேன்?
3. அந்தத் தேவைக்கு மேல் ஒரு வரியாவது போகிறதா?

நான் அனுப்பிய பக்கம் முதல் இரண்டு கேள்விகளில் எப்படியோ தப்பித்துவிடும். மூன்றாவதில் தோற்றுப்போகும். சான்று தராதவருக்குத் தனியாக ஒரு குறுஞ்செய்தி போதுமானதாக இருந்தது.

ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டிய இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. 2018 செப்டம்பர் 26 அன்று வந்த ஆதார் தீர்ப்பில், பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகள் என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்றும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்றும் சொல்கிறது. குறிப்பிட்ட சில பணிகளுக்கு விலக்குகள் உண்டு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

பேசும் உரிமை: ஒரு 'லைக்' போட்டதற்குக் கைது

தனியுரிமையைப் பற்றி மட்டும் பேசினால் பாடம் பாதியில் நின்றுவிடும். "எதையும் போடாதே, எதையும் சொல்லாதே" என்ற அறிவுரையோடு முடித்துவிடுவோம். இணையத்தில் குழந்தைக்குப் பேசும் உரிமையும் உண்டு.

2012 நவம்பரில், ஓர் அரசியல் தலைவரின் மறைவையொட்டி மும்பையில் கடைகள் அடைக்கப்பட்டன. அருகிலுள்ள பால்கரைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் அந்தக் கடையடைப்பைக் கேள்வி கேட்டு முகநூலில் எழுதினார். அவருடைய தோழி அதற்கு விருப்பக்குறி இட்டார். இருவரும் கைது செய்யப்பட்டார்கள். அவர்கள் மீது பயன்படுத்தப்பட்ட சட்டங்களில் ஒன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. இணையத்தில் ஒருவருக்கு 'எரிச்சல்' தரும் செய்தியை அனுப்பினால்கூட மூன்றாண்டு வரை சிறை என்று சொல்லும் அளவுக்கு அந்தப் பிரிவின் சொற்கள் விரிந்திருந்தன.

ஷ்ரேயா சிங்கால் என்பவர் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை முழுவதுமாக நீக்கியது. அந்தத் தீர்ப்பு காட்டிய ஒரு வேறுபாடு வகுப்பறைக்கு மிகவும் பயன்படும். ஒன்றைப் பற்றி விவாதிப்பது, ஒரு கருத்தை வலியுறுத்துவது, குற்றத்துக்குத் தூண்டுவது ஆகிய மூன்றும் வேறு வேறு. முதல் இரண்டும் பிறருக்கு எவ்வளவு பிடிக்காவிட்டாலும் 19(1)(அ) பிரிவின் பாதுகாப்பில் நிற்கும். மூன்றாவது நிலைக்குப் போகும்போதுதான் 19(2) பிரிவின் கட்டுப்பாடுகள் குறுக்கே வரும்.

எங்கள் பள்ளிக் குழாய்

இதை நடத்திய சில வாரங்களில் எங்களுக்கே ஒரு தேர்வு வந்தது. குழாய் உடைந்த குடிநீர்த் தொட்டியை ஒரு மாணவன் படம் எடுத்து, "எங்க பள்ளியில தண்ணி குடிக்க வாங்க" என்று தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டான். ஆசிரியர் அறை கொதித்தது. "பள்ளி மானத்தை வாங்கிட்டான், பெற்றோரை வரச் சொல்லுங்க" என்றார் ஒருவர்.

தலைமையாசிரியர் அவனை அழைத்தார். இரண்டே கேள்விகள் கேட்டார். "குழாய் உடைஞ்சிருக்கிறது உண்மையா?" உண்மைதான். "படத்துல ஓரமா நிக்கிற ஆறாம் வகுப்புப் பொண்ணுகிட்டக் கேட்டியா?" அவன் அப்போதுதான் படத்தை உற்றுப் பார்த்தான். குனிந்து தண்ணீர் பிடிக்கும் சிறுமியின் முகம் தெளிவாகத் தெரிந்தது.

அவன் படத்தை எடுத்துவிட்டான். ஆனால் புகாரைக் கைவிட வேண்டாம் என்றார் தலைமையாசிரியர். அதை மனுவாக எழுதித் தரச் சொல்லி, பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் வாசித்தார். குழாய் மாற்றப்பட்டது. பேசும் உரிமையும் தனியுரிமையும் ஒன்றையொன்று விழுங்காமல் ஒரே படத்துக்குள் நிற்க முடியும் என்பதை எங்களுக்குக் காட்டியது அந்தக் குழாய்தான்.

வகுப்பறையில் செய்து பார்க்கலாம்

இந்தச் செயல்பாடுகளுக்குத் திறன்பேசியோ இணையமோ தேவையில்லை.

செயல்பாடு 1: யாருக்குத் தெரியலாம்?
தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டங்கள் வரையுங்கள். உள்ளிருந்து வெளியே: நான், வீடு, நண்பர்களும் பள்ளியும், ஊர் உலகம். பிறந்த நாள், மதிப்பெண், வீட்டு முகவரி, பிடித்த பாட்டு, கடவுச்சொல், உடல்நலக் குறை, அப்பாவின் வேலை எனத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொருவரும் தம் சீட்டை உரிய வட்டத்தில் வைக்கட்டும். ஒரே செய்தியை இருவர் வேறு வேறு வட்டங்களில் வைப்பார்கள். இருவரும் சரிதான். எது எந்த வட்டத்துக்குரியது என்று முடிவு செய்யும் உரிமை அந்தந்த நபருடையது என்பதே இங்கு பாடம். சொந்தச் செய்தியைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள்.

செயல்பாடு 2: எந்தப் படியில் நிற்கிறது?
விவாதம், வலியுறுத்தல், தூண்டுதல் என்று கரும்பலகையில் மூன்று கட்டங்கள் போடுங்கள். "தேர்வை ஒத்திவைக்க வேண்டும்", "இந்தப் படம் மோசம்", "அவனைக் கண்டால் அடியுங்கள்" போன்ற வாக்கியங்களைக் குழுக்களுக்குக் கொடுங்கள். எந்தக் கட்டம், ஏன் என்று அவர்கள் வாதாடட்டும். "அவள் கறுப்பு" என்று ஒரு வாக்கியமும் சேருங்கள். சட்டம் தண்டிக்காது என்பதற்காக ஒரு சொல் சரியாகிவிடுமா என்ற விவாதம் தானாகவே தொடங்கும்.

செயல்பாடு 3: நீதிமன்றம்
கேரளத்தில் ஒரு கல்லூரி மாணவியர் விடுதியில், மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை அலைபேசி பயன்படுத்தக் கூடாது என்று விதி இருந்தது. ஏற்க மறுத்த மாணவி விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். இரு தரப்பாகப் பிரிந்து வாதாடச் சொல்லுங்கள். முடிவில் மட்டும் தீர்ப்பைச் சொல்லுங்கள்: இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின், தனியுரிமையின் ஒரு பகுதி என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் கூறி, அவரை மீண்டும் சேர்க்க உத்தரவிட்டது. பிறருக்கு இடையூறு செய்யாமல் பயன்படுத்த வேண்டும் என்பதையும் அது சேர்த்தே சொன்னது.

நம் பக்கம்

மாணவர்களுக்குச் சொல்லும் முன் நாம் மாற்றிக்கொள்ள வேண்டியவை சில. மதிப்பெண் பட்டியலைக் குழுவில் போடாமல் அவரவருக்குத் தனியே தெரிவிக்கலாம். எமிஸ் கடவுச்சொல்லை மேசையில் ஒட்டி வைக்க வேண்டாம். உதவி பெறும் குழந்தையின் படத்தைப் போடும் முன், அந்தக் குழந்தையிடமும் பெற்றோரிடமும் கேட்கலாம். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டும் எந்தத் தகவலையும், பள்ளியின் பெயர் உட்பட, பொதுவெளியில் பகிரவே கூடாது. அதற்குச் சட்டத்தில் தண்டனை உண்டு.

இணையத்தில் துன்புறுத்தப்படும் மாணவர் நம்மிடம் வந்தால், "நீ ஏன் படத்தைப் போட்டாய்?" என்று தொடங்காமல், "சொன்னது நல்லது" என்று தொடங்குவோம். ஆதாரத்தை அழிக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்வோம். இணையக் குற்றங்களுக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098, நம் துறையின் வழிகாட்டலுக்கு 14417 ஆகிய எண்கள் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் இருக்கட்டும்.

அந்த மாணவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். குழுவிலிருந்து படத்தை நீக்கினேன். பார்த்தவர்களின் நினைவிலிருந்து நீக்க எனக்கு வழி இல்லை. இப்போதும் அதே பதிவேடுதான் என்னிடம் இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் மட்டும் எதையும் எழுதுவதில்லை.