அப்பா கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: சர்க்கரை நோய்க்கான புதிய மருந்து ஒன்றின் ஆய்வில் சேரச் சொல்லி, என் அப்பாவிடம் பல பக்கப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். "டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும், எங்க கையெழுத்துப் போடணும்?" என்கிறார் அவர். எனக்குப் பயமாக இருக்கிறது. சேரலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பயப்படுவது நியாயம்தான் அம்மா. டாக்டர் சொன்னால் சரி என்று நம்பிப் போனவர்களுக்கு நடந்த கொடுமை சரித்திரத்தில் இருக்கிறது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கீகி வட்டாரத்தில், 1932இல் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையே ஓர் ஆய்வைத் தொடங்கியது. சுமார் 600 கறுப்பின ஆண்கள். பெரும்பாலோர் ஏழைக் குத்தகை விவசாயிகள். 399 பேருக்கு சிஃபிலிஸ் என்ற மேகநோய். அதைச் சொல்லாமல் 'கெட்ட ரத்தம்' என்றார்கள். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தது வெறும் சோதனை. ஆனால் இலவச விசேஷ சிகிச்சை, இதுதான் கடைசி வாய்ப்பு என்று கடிதம் போட்டுக் கூப்பிட்டார்கள். இறந்தபின் பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதித்தால் அடக்கச் செலவும் உண்டு! நோய் முற்றினால் உடம்பு என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் நோக்கம்.

1947இல், நாஜி மருத்துவர்களை விசாரித்த நூரம்பர்க் தீர்ப்பு, தானாக முன்வந்து தரும் சம்மதம் இல்லாமல் மனிதர்கள்மீது சோதனை கூடாது என்றது. அதே காலத்தில் பெனிசிலினும் இந்நோய்க்கு மருந்தாகக் கைக்கு வந்துவிட்டது. டஸ்கீகிக்காரர்களுக்கு இரண்டும் கிடைக்கவில்லை. 1972இல் பத்திரிகையில் செய்தி வெடித்த பிறகே ஆய்வு நின்றது. நாற்பது வருடம்! படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

இன்று நம் நாட்டில் மருந்து ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயம். அப்பாவுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் அவர் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. ஆய்வால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

எனவே படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். இப்போது சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்களா, பக்கவிளைவு வந்தால் நடுராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்று டாக்டரிடமே கேளுங்கள். ஆய்வு என்ன, ஆபத்து என்ன என்று அப்பா தன் வாயால் உங்களுக்குச் சொல்லட்டும். சொல்ல முடிந்து, அவருக்கும் விருப்பமிருந்தால் தாராளமாகச் சேரலாம். நல்ல மருந்துகள் இப்படித்தான் வருகின்றன. கையெழுத்திட்ட படிவத்தின் நகலை மட்டும் மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.