பிள்ளைகளோடு யாழ். நகரில் ஒரு நடை

கேள்வி: ஆடி விடுமுறைக்கு இரண்டு பிள்ளைகளோடும் அம்மாவோடும் யாழ்ப்பாணம் வருகிறோம். நகரை நடந்தே பார்க்கலாமா?
– வாசகி, ரொறன்ரோ

பதில்: தாராளமாகப் பார்க்கலாம். வெயில் ஏறுமுன் கோட்டையில் தொடங்குங்கள். போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோணமாக மாற்றிக் கட்டினர். மதிலில் உள்ள பவளக் கற்களைப் பிள்ளைகளுக்குத் தொட்டுக் காட்டுங்கள். உள்ளே நிழல் குறைவு. தொப்பியும் தண்ணீரும் அவசியம்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் பொது நூலகம். 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். என்ன நடந்தது என்பதைப் பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லுங்கள். அது நம் வீட்டுக் கதை. அருகிலேயே, வேல்ஸ் இளவரசரின் 1875ஆம் ஆண்டு வருகையின் நினைவாக எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம்.

மதியம் ஓய்வெடுங்கள். மாலை நல்லூர்க் கோயிலுக்கு நடக்க வேண்டாம். அம்மாவுக்காக ஓட்டோ பிடியுங்கள். கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். ஆடி கடைசியில் வந்தால் 25 நாள் திருவிழாவும் தொடங்கியிருக்கக்கூடும். பிறகு பக்கத்துக் கடையில் ஐஸ்கிறீம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துமுடிக்க நினைக்காதீர்கள்; அம்மாவின் நடைக்கு எல்லோரும் நடந்தால், வழியெல்லாம் அவர் கதையும் கேட்கலாம்.