பிக்-அப் வண்டிக்குப் பெரிய டயர்: உரசாமல் இருக்க எப்படி அளப்பது?

சொந்தமாகப் பிக்-அப் வைத்திருக்கும் வணிகர்கள் பலர், டயர் மாற்றும் சமயத்தில் ஒரு சைஸ் பெரிதாகப் போட விரும்புகிறார்கள். சாலை குண்டும் குழியுமாக இருக்கிறது, வண்டி சற்று உயர்ந்தால் அடி தட்டாது என்பது காரணம். பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்பது வெளியே சொல்லாத காரணம். டயர் கடையில் காலி வண்டியில் மாட்டிப் பார்க்கையில் எல்லாம் சரியாகவே இருக்கும். இருபது மூட்டை அரிசி ஏற்றி, மண்டித் தெருவின் முதல் திருப்பத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போதுதான் உரசும் சத்தம் கேட்கும். அப்போது டயர் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஆகவே வாங்கும் முன் கணக்குப் போடுங்கள். டயரில் 215/75 ஆர்15 என்று இருந்தால், அகலம் 215 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 75 சதவீதம், ரிம் 15 அங்குலம். மொத்த விட்டம் சுமார் 703 மி.மீ. இதையே 235/75 ஆர்15 ஆக்கினால் விட்டம் 733 மி.மீ. முப்பது மி.மீ. கூடினாலும் வண்டி உயர்வது அதில் பாதிதான், அதாவது ஒன்றரை சென்டிமீட்டர். அதே அளவுக்கு டயரின் மேல்பக்கம் மட்கார்டை நெருங்குகிறது. உள்ளும் வெளியும் பக்கத்துக்கு 10 மி.மீ. இடைவெளி குறைகிறது.

இப்போதுள்ள டயரிலேயே, வழக்கமான சரக்கை ஏற்றிக்கொண்டு அளக்க வேண்டும். முன் சக்கரத்தை இடது கோடி வரையும், பிறகு வலது கோடி வரையும் திருப்பி, உள்ளே சேஸிஸ் பக்கமும் வெளியே பம்பர் மூலையிலும் பாருங்கள். பின்னால் ஸ்பிரிங் பட்டைக்கும் டயருக்கும் நடுவே பாருங்கள். பக்க இடைவெளியில் 10 மி.மீ. கழித்த பின்பும் ஒரு விரல் நுழைய வேண்டும் என்பது என் கணக்கு. மேல்பக்கம் அளப்பதைத்தான் பலரும் தவறாகச் செய்கிறார்கள். பள்ளத்தில் விழும்போது அச்சு மேலே ஏறி, சேஸிஸில் உள்ள முட்டு ரப்பரில் இடித்து நிற்கும். அச்சுக்கும் அந்த ரப்பருக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். டயருக்கு மேலுள்ள இடைவெளியில் 15 மி.மீ. கழித்தது அதைவிடத் தாராளமாக அதிகமாக இருக்க வேண்டும். ரப்பரும் கொஞ்சம் நசுங்கும் அல்லவா!

உரசினால் பட்டறையில் பல வழி சொல்வார்கள். மட்கார்டின் பிளாஸ்டிக் உறையைச் சற்று வெட்டுவதில் பெரிய கெடுதல் இல்லை. ஸ்டியரிங் திரும்பும் எல்லையைக் குறைக்கும் போல்ட்டை முறுக்கினால் உரசல் நிற்கும். ஆனால் வண்டி திரும்ப இடம் கூடுதலாக வேண்டும், சந்தைத் தெருவில் இது நித்தியத் தொல்லை. ரிம்முக்குள் ஸ்பேசர் வைத்தால் டயர் வெளியே தள்ளி நிற்கும், பேரிங்கின் மேல் பாரம் கூடும். கூடுதல் பட்டை போட்டால் காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடும். முட்டையும் பாட்டிலும் ஏற்றுபவர்களுக்கு நஷ்டம்.

பெரிய டயர் என்றால் அதிகப் பாரம் தாங்கும் என்று நினைக்க வேண்டாம். அளவுக்கு அடுத்துள்ள எண்தான் தாங்கும் எடையைச் சொல்கிறது: 100 என்றால் ஒரு டயருக்கு 800 கிலோ, 104 என்றால் 900, 110 என்றால் 1,060. கார் வகை டயர் பெரிதாக இருந்தும் இந்த எண் குறைவாக இருக்கலாம். பழைய டயரின் எண்ணுக்குக் குறைந்ததை வாங்காதீர்கள். எந்த டயர் போட்டாலும் ஆர்.சி.யில் உள்ள எடைதான் எடை. 2019 திருத்தத்தின்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம். தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. எனவே வண்டிக் கையேட்டில் அனுமதித்துள்ள பெரிய அளவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மேலே சொன்ன மாற்றத்தில் மீட்டர் 60 காட்டும்போது உண்மை வேகம் 62க்கு மேல். மலைப்பாதையில் இழுவையும் சற்றுக் குறையும். ஸ்டெப்னியும் அதே அளவில் வேண்டும். அது வண்டிக்கு அடியிலுள்ள தாங்கியில் அடங்குமா என்பதையும் அன்றே அளந்துவிடுங்கள்.