துருப்பிடித்த எரிபொருள் குழாய்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவின் மிச்சிகன், ஒஹாயோ, நியூயார்க் போன்ற வட மாநிலங்களில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள். பனியோடு கரையும் அந்த உப்பு வண்டிகளின் அடிப்பாகத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. இருபது, முப்பது ஆண்டு ஓடிய பிக்கப் டிரக்கில் இன்ஜினும் கியர்பாக்ஸும் திடமாக இருக்கும்போதே, டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் இரும்புக் குழாய் துருவேறி ஓட்டை விழுந்துவிடும். அதைச் சரிசெய்வது பற்றி உலவும் நம்பிக்கைகளில் பல கார்புரேட்டர் காலத்தில் ஓரளவு செல்லுபடியானவை. குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் பல மடங்கு ஏறிய பிறகும் அவை அப்படியே தொடர்கின்றன.

“சொட்டுச் சொட்டாகத்தானே கசிகிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்”

கார்புரேட்டர் வண்டியில் குழாயின் அழுத்தம் சுமார் 4 முதல் 7 பிஎஸ்ஐ. ஓட்டை விழுந்தால் சொட்டும், அவ்வளவுதான். 1980களின் பிற்பகுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களில் பரவிய த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷனில் இது 9 முதல் 13 பிஎஸ்ஐ ஆனது. 1996இல் வந்த அதே நிறுவனத்தின் வோர்டெக் வி8 இன்ஜின்களிலோ சுமார் 60 பிஎஸ்ஐக்கு ஏறிவிட்டது. கார் டயருக்கு அடிக்கும் காற்றைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த அழுத்தத்தில் ஊசிமுனை ஓட்டைகூட பெட்ரோலைப் புகைபோலப் பீய்ச்சும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் படர்ந்து நிற்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். குளிர் காப்பாற்றும் என்பதும் வீண் நம்பிக்கை: மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலும் பெட்ரோலிலிருந்து பற்றக்கூடிய ஆவி எழுகிறது. கசிவு தெரிந்த வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போவதைவிட இழுத்துப் போவதே சரி.

“சோப்பைத் தேய்த்து அடைத்துவிடலாம்”

சோப்பு பெட்ரோலில் கரையாது. அதனால் அழுத்தம் இல்லாத டேங்கில் விழுந்த சிறு ஓட்டையை அது சிறிது நேரம் அடைத்து நிற்கும். அழுத்தமுள்ள குழாயில் அதற்கு வேலையே இல்லை. எபாக்ஸி பசையும் சுத்தமான, காய்ந்த உலோகத்தில்தான் பிடிக்கும். துருவின் மேல் அப்பினால் துரு உரியும்போது அதுவும் சேர்ந்து உரியும்.

“ஓட்டை விழுந்த இடத்தை மட்டும் வெட்டி மாற்றினால் போதும்”

அதிகம் பேரை அலைய வைப்பது இதுதான். குழாயின் சுவர்க் கனம் ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர். சேஸிஸோடு குழாயைப் பிடித்திருக்கும் ஒவ்வொரு கிளிப்புக்கு அடியிலும் சேறும் உப்பும் சேர்ந்து ஈரம் காக்கும். சாலையில் போடும் உப்புகளில் மெக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் காற்றிலிருக்கும் ஈரத்தையே இழுத்து வைத்துக்கொள்பவை. வெயில் நாளிலும் கிளிப்பின் அடி காய்வதில்லை. ஸ்க்ரூடிரைவர் முனையால் அங்கே மெல்லச் சுரண்டினால் துரு மரப்பட்டைபோல அடுக்கடுக்காக உரியும், அடியில் மிஞ்சும் குழாயின் சுவர் மெலிந்துபோயிருக்கும். ஒரு கிளிப் அடியில் ஓட்டை விழுந்திருந்தால், அதே வயதுள்ள அடுத்த கிளிப்பின் அடியும் அதே நிலைக்கு நெருங்கியிருக்கும். நல்ல உலோகம் எங்கே தொடங்குகிறது என்று தேடி வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் முழுக் குழாயையும் வெட்டியிருப்போம். டேங்க் முதல் இன்ஜின் வரை முழு நீளத்தையும் மாற்றுவதே கணக்கில் மலிவு.

அதே சேஸிஸில் பிரேக் குழாயும் ஓடுகிறது. 1999 முதல் 2003 வரையிலான ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களின் பிரேக் குழாய்த் துருவை ஆராய்ந்த அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிடாமல் 2015 ஏப்ரலில் விசாரணையை முடித்தது. 2007 மாடல் வரையிலான வண்டிகளை வைத்திருப்பவர்கள் அடிப்பாகத்தைக் கழுவவும் குழாய்களைச் சோதிக்கவும் வேண்டும் என்று அப்போது அறிவுறுத்தியது. எரிபொருள் குழாய்க்காக வண்டிக்கு அடியில் போகிறவர் பிரேக் குழாயைப் பார்க்காமல் வரக் கூடாது.

“ஈரமே இல்லை, அதனால் குழாய் நன்றாக இருக்கிறது”

பழைய டீசல் பிக்கப்களில் இது பெரிய ஏமாற்று. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசலைப் பம்ப் உறிஞ்சுகிறது. அந்தக் குழாயில் துரு ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். இன்ஜின் காலையில் கிளம்பத் தகராறு செய்யும், ஓடும்போதே இழுவை குறைந்து நிற்கும். மெக்கானிக் ஏர் எடுத்துவிட்டால் அன்றைக்கு ஓடும், மறுநாள் பழைய கதை. இந்தத் துருவுக்குப் பனிச் சாலை தேவையில்லை: நம் கடற்கரையில் ஐஸ் மீன் ஏற்றும் வண்டிகளிலிருந்து வடியும் உப்புநீர் போதும்.

“ரப்பர் ஹோஸும் இரண்டு கிளாம்பும் போதும்”

எல்லா ஹோஸும் ஒன்றல்ல. எஸ்ஏஇ 30ஆர்7 என்று அச்சிட்டது கார்புரேட்டர் அழுத்தத்துக்கு உரியது. இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு 30ஆர்9 தரமாவது வேண்டும். துளைபோட்ட பட்டையுள்ள சாதாரண கிளாம்ப் இறுக்க இறுக்க ரப்பரை அறுக்கும். ஓரம் மடித்த இன்ஜெக்‌ஷன் கிளாம்ப் அறுக்காது. இவை சரியாக அமைந்தாலும் ஒரு குறை மிஞ்சும்: வெட்டிய குழாய்முனை வழவழப்பானது, அதில் மாட்டிய ஹோஸ் அழுத்தத்தில் வழுக்கி வெளியேறும். முனையில் வளையம்போல ஒரு மேடு எழுப்பினால்தான் ஹோஸ் நிற்கும்.

“செம்பு துருப்பிடிக்காது, அதையே போடலாம்”

துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் தூய செம்பு வண்டியின் அதிர்வில் இறுகி விரிசல் விடும். பெட்ரோல் கெட்டுப் பிசின் படிவதையும் செம்பு வேகப்படுத்துகிறது. பார்வைக்குச் செம்புபோலவே இருக்கும் செம்பு-நிக்கல் குழாய் வேறு பொருள். சுமார் 10 சதவீதம் நிக்கல் கலந்தது. கையாலேயே வளையும், உப்புக்கு அசையாது. வோல்வோ நிறுவனம் 1970களிலேயே தன் கார்களின் பிரேக் குழாய்க்கு இதை ஏற்றுக்கொண்டது. துருப்பிடிக்காத எஃகு இன்னும் நீடிக்கும், ஆனால் வீட்டு முற்றத்தில் அதை வளைத்து, இணைப்புக்காக முனையை விரித்து ஃப்ளேர் எடுப்பது படாதபாடு.

எந்தக் குழாயானாலும் ஹேக்ஸாவால் அறுக்கக் கூடாது. அறுத்த தூள் நேராக இன்ஜெக்டருக்குப் போய்ச் சேரும். பைப் கட்டரால் வெட்டி, உள்விளிம்பை வழித்து, ஊதிச் சுத்தம் செய்த பிறகே ஃப்ளேர் எடுக்க வேண்டும்.

“நட் அசையவில்லையென்றால் சூடு காட்டு”

வேறு இடத்தில் இது நல்ல யோசனை, இங்கே உயிருக்கு உலை. எரிபொருள் ஃபில்டரின் நட் துருவால் குழாயோடே ஒட்டியிருக்கும். நட்டைத் திருப்பினால் குழாயும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். ஃபில்டரை ஒரு ஸ்பேனரால் பிடித்து, நட்டை ஃப்ளேர் நட் ஸ்பேனரால் திருப்ப வேண்டும். துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாளே விட்டு வைப்பது நல்லது. அப்படியும் குழாய் முறுக்கினால் போராடாமல் வெட்டிவிட வேண்டும். எப்படியும் மாற்றப் போகிற குழாய்தான்.

“இன்ஜினை அணைத்தால் அழுத்தம் போய்விடும்”

போகாது, மணிக்கணக்கில் நிற்கும். எரிபொருள் பம்பின் ரிலேயைக் கழற்றிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். பிறகு டேங்க் மூடியைத் திறந்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். டேங்க் காலியென்றால் ஆபத்தில்லை என்பதும் தவறு. காலி டேங்க் முழுக்க ஆவிதான்.

“டேங்கை இறக்காமல் முடியாது”

முடியும். டேங்கின் தலையிலுள்ள இணைப்புகளே அதிகம் கெடுபவை, கீழிருந்து கண்ணுக்குத் தெரியாதவையும் அவையே. பிக்கப்பில் சரக்குத் தொட்டி ஆறு அல்லது எட்டு போல்ட்டில்தான் நிற்கிறது. விளக்கு ஒயர்களையும் பெட்ரோல் நிரப்பும் குழாயையும் கழற்றி, நான்கு பேர் தூக்கி நகர்த்தினால் எல்லாம் வெட்டவெளியில் கிடக்கும். டேங்குக்குள் இருக்கும் பம்பின் தலையிலிருந்து எழும் இரும்புமுனை துருவால் சொரசொரத்திருந்தால் புது ஓ-ரிங் போட்டும் பயனில்லை, அந்தச் சொரசொரப்பு அதையும் கீறிவிடும். பம்ப் தொகுதியையே மாற்ற வேண்டும்.

வேலை முடிந்ததும் ரிலேயையும் பேட்டரி ஒயரையும் மாட்டி, இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினால் பம்ப் சுமார் இரண்டு விநாடி ஓடி அழுத்தம் ஏற்றும். மூன்று நான்கு முறை இப்படிச் செய்து, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். எங்காவது ஈரம் பட்டால் நட்டை மேலும் மேலும் இறுக்காமல், கழற்றி ஃப்ளேரைப் புதிதாக எடுக்க வேண்டும். இந்தச் சோதனையை முடித்த பிறகே சரக்குத் தொட்டியை மீண்டும் ஏற்ற வேண்டும்.