ராதையைப் பாடாதவர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

குழந்தைகள் காப்பகத்தில் வளர்ந்து பெரிய நிலைக்கு வந்த ஒருவரின் பேச்சைக் கேட்டுவிட்டு, "அவரால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியவில்லை?" என்று எழுதியிருந்தாய். கேட்டதில் தவறில்லை. அதற்கு மேடைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் பதில்தான் எனக்குச் சினமூட்டுகிறது. துன்பம்தான் அவரைச் செதுக்கியது என்கிறார்கள். பிள்ளைப் பருவத்துத் துன்பம் பெரும்பாலும் ஆளைச் சிதைக்கவே செய்கிறது. சிதையாமல் ஒருவர் எழுந்தால், அவருக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றுதான் முதலில் தேட வேண்டும்.

இதற்கு நான் எப்போதும் நாடுவது ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் நடந்த ஆய்வை. அங்கே 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் அவர்களது 40 வயதுவரை விடாமல் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, பிறப்புச் சிக்கல், பெற்றோரின் சச்சரவு, குடி, மனநோய் எனப் பல சுமைகளை ஒருசேரத் தாங்கியவர்கள். இந்தப் பிரிவில் மூன்றில் ஒருவர், அதாவது 72 பேர், தடுமாறாமல் வளர்ந்து, தன்னம்பிக்கையும் பிறர்மேல் அக்கறையும் உள்ள பெரியவர்கள் ஆனார்கள். பேச்சாளர்கள் இந்த 72 பேரோடு நிறுத்திக்கொள்வார்கள். நீ நிறுத்தாதே. அவர்களுக்குச் சிறு வயதிலேயே தம்மிடம் மாறாத அன்பு காட்டிய ஒருவராவது கிடைத்திருந்தார். அவர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டியோ, அக்காவோ, அண்டை வீட்டாரோ, ஆசிரியரோ போதும். அவர்களுள் பலர் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போன்ற பொறுப்பையும் சிறு வயதிலேயே ஏற்றிருந்தார்கள். தாம் ஒருவருக்குத் தேவைப்படுகிறோம் என்ற உணர்வே ஒரு பிள்ளையை நிமிர்த்துகிறது. ஆகவே, பிறருக்கு உதவுவதை மீண்டு முடித்தவர்கள் செய்யும் தர்மம் என்று மட்டும் எண்ணாதே. அது மீளும் வழியிலேயே இருக்கிறது. பதின்பருவத்தில் தடுமாறிய மற்றவர்களிலும் பெரும்பாலோர், படிப்பாலோ, படைத்துறைப் பணியாலோ, நல்ல துணையாலோ, தம் சமயச் சமூகத்தாலோ, முப்பது நாற்பது வயதுக்குள் தேறிவிட்டார்கள். இந்தப் பகுதியை யாரும் மேடையில் சொல்வதில்லை. பதினெட்டு வயதுப் பையனைப் பார்த்து "இவன் தேறமாட்டான்" என்று தீர்ப்பெழுதுகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான்.

எல்லாம் பிறவிக் குணம்தானே என்று நீ மறுக்கலாம். அந்த 72 பேரில் பலர் கைக்குழந்தையாக இருந்தபோதே எளிதில் பழகும் இயல்புடையவர்கள் என்று வெர்னரே பதிவுசெய்திருக்கிறார். உண்மைதான். ஆனால் ருமேனியாவில் நடந்ததையும் பார். 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில், புக்காரெஸ்ட் நகரக் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். குலுக்கல் என்பதால் இரு பக்கமும் எல்லாக் குணத்துப் பிள்ளைகளும் கலந்தே இருந்தார்கள். அப்படியும் குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவுத்திறனிலும் உறவு கொள்வதிலும் முந்தினார்கள். ஏறக்குறைய இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பயன் இன்னும் கூடுதல். இந்த வேறுபாட்டைக் குணத்தின் கணக்கில் எழுத முடியாது. எளிதில் பழகும் பிள்ளை தனக்குரிய அன்பைத் தானே ஈர்த்துக்கொள்ளும். முரண்டு பிடிக்கும் பிள்ளைக்கு நாம்தான் தேடிப் போக வேண்டும்.

வளர்ப்புக் குடும்பம் கிடைத்தும் உடைந்துபோனவர்கள் இல்லையா என்று அடுத்துக் கேட்பாய். உண்டு. லெம் சிஸ்ஸேயின் தன்வரலாற்றைப் படி; 2019-இல் வெளிவந்தது. எத்தியோப்பியத் தாய்க்கு 1967-இல் இங்கிலாந்தில் பிறந்த அவரைக் கைக்குழந்தையாக ஏற்று வளர்த்த குடும்பம், 12 வயதில் திருப்பி அனுப்பிவிட்டது. பிறகு இல்லம் மாற்றி இல்லம் அலைந்தார். வீடு என்ற பெயர் இருந்தால் போதாது, விட்டுவிடாத உறவு வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அவர் கவிஞரானார், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தார். என்றாலும் எனக்குப் பெரிதாகப் படுவது, காப்பகங்களை விட்டு வெளியேறிய இளைஞர்களுக்காக 2013 முதல் அவர் முன்னின்று நடத்திய கிறிஸ்துமஸ் விருந்துகளே. போக வீடில்லாதவர்களுக்கு அந்த நாள் எப்படி இருக்கும் என்று அறிந்தவர் அவர்; அதனால் அறிவுரையை விடுத்துச் சாப்பாட்டுக்கு அழைத்தார்.

பக்கத்தில் நின்று வளர்த்தவர்களை மறந்துவிடும் பழக்கம் நம்மிடம் பழையது. கர்ணனின் கொடையைப் பாடுகிறோம், குந்தியின் கண்ணீரைப் பாடுகிறோம். ஆற்றில் வந்த பிள்ளையை எடுத்து வளர்த்த ராதையை எத்தனை பேர் நினைக்கிறோம்? பிறப்பின் உண்மையைக் கண்ணன் எடுத்துச் சொன்ன பிறகும், தன்னை வளர்த்தவர்களை விட்டு வரமாட்டேன் என்றவன் கர்ணன். அந்த உறுதியை ஊட்டியது அவன் பட்ட அவமானம் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இனி வெற்றிக் கதை கேட்டால் கைதட்டிவிட்டு எழுந்து போகாதே. நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் வளர்ப்புப் பராமரிப்புக்கும், 18 வயது நிறைந்து இல்லங்களை விட்டு வெளியேறுவோரின் பிற்காப்புக்கும் இடமிருக்கிறது. உன் மாவட்டத்தில் அவை எப்படி நடக்கின்றன என்று விசாரி. ஒரு பிள்ளைக்கு வாரந்தோறும் பாடம் சொல்லித் தருவதாக ஒப்புக்கொண்டால், தேர்வு வந்தது, வேலை கிடைத்தது என்று பாதியில் விட்டுவிடாதே. விடமாட்டாய் என்ற உறுதி இல்லையென்றால் தொடங்கவே வேண்டாம்.

அன்புடன்,
உன் ஆசிரியர்