கடிக்காத காணாக்கடி

உடம்பில் திட்டுத்திட்டாகச் சிவந்து தடித்து, பிய்த்தெடுக்கிற மாதிரி அரித்து, சில மணி நேரத்தில் சுவடே இல்லாமல் அமுங்கிவிடும் தடிப்புக்குத் தமிழில் காணாக்கடி என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கடித்துவிட்டது என்ற தீர்ப்பு பெயருக்குள்ளேயே இருக்கிறது. பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. கொசு கடித்த இடத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிவது கடினம். இன்று யாரும் பூச்சியைத் தேடுவதில்லை. அதன் இடத்துக்குக் கத்தரிக்காயும் கருவாடும் முட்டையும் புதுச் சோப்பும் வந்திருக்கின்றன. அலர்ஜி என்ற சொல் பூச்சியின் பெயரை மாற்றியதே தவிர, கடித்ததைப் பிடித்தால்தான் நோய் தீரும் என்ற எண்ணத்தைத் தொடவில்லை. மாதக்கணக்கில் நீடிக்கும் காணாக்கடியில் பல நேரம் நோயைவிட இந்த எண்ணமே அதிகத் தொல்லை தருகிறது. கடிக்காத ஒன்றைத் தேடிப் பத்தியம் இருக்கிறோம். கேட்கக்கூடிய மருந்தைச் சந்தேகப்பட்டுப் பாதியில் விடுகிறோம்.

தோலுக்குள் மாஸ்ட் செல் என்ற ஒருவகைச் செல்கள் உண்டு. 1878இல் ஜெர்மானிய மருத்துவ மாணவராக இருந்த பால் எர்லிக் சாயமேற்றிப் பார்த்தபோது அவற்றுக்குள் துகள் துகளாக ஏதோ நிரம்பியிருந்தது. தீனி தின்று கொழுத்த செல்கள் என்று நினைத்து அந்தப் பொருளில் பெயர் வைத்தார். (தப்பாகப் பெயர் வைப்பது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல.) உண்மையில் அந்தத் துகள்களில் இருப்பவற்றில் முக்கியமானது ஹிஸ்டமின். அது வெளியே கொட்டும்போது சின்ன ரத்தக் குழாய்கள் விரிந்து கசிகின்றன. தோல் சிவக்கிறது, உப்புகிறது, நரம்பு நுனிகள் தூண்டப்பட்டு அரிக்கிறது. கசிந்த நீரை உடம்பு திரும்ப இழுத்துக்கொண்டதும் தடிப்பு மறைகிறது. அதனால்தான் ஒரு தடிப்பு ஒரே இடத்தில் ஒரு நாளைக்கு மேல் நிற்பதில்லை. இதை வீட்டிலேயே பார்க்கலாம்: தடிப்பைச் சுற்றிப் பால்பாயின்ட் பேனாவால் ஒரு வட்டம் போட்டுவையுங்கள். மறுநாள் இதே நேரத்துக்குள் வட்டம் மட்டும் இருந்து தடிப்பு போயிருந்தால், வேறு இடத்தில் புதிதாக எழும்பியிருந்தாலும், அது காணாக்கடிதான். வட்டத்துக்குள் தடிப்பு அப்படியே நின்று, எரிந்து, கன்றிய நிறத்தை விட்டுப் போனால் விஷயம் வேறு. ரத்தக் குழாயிலேயே அழற்சி இருக்கலாம். அதைத் தோல் மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும்.

அடுத்த கேள்வி, மாஸ்ட் செல்லைக் கொட்ட வைத்தது எது என்பது. இங்கே மருத்துவர்கள் ஆறு வாரம் என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். ஆறு வாரத்துக்குள் முடிந்துவிடும் தடிப்புக்கு வெளிக்காரணம் அடிக்கடி இருக்கும்: குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வைரஸ் காய்ச்சல், பெரியவர்களுக்கு ஆன்டிபயாட்டிக், வலி மாத்திரை, சில சமயம் உணவு. ஆறு வாரம் தாண்டி அன்றாடமோ அடிக்கடியோ வந்துகொண்டிருந்தால் கணக்கு மாறுகிறது. 1993இல் லண்டனைச் சேர்ந்த மால்கம் கிரீவ்ஸ் குழுவினர், இப்படிப்பட்டவர்கள் சிலரின் ரத்தத்தில் மாஸ்ட் செல்லின் ஏற்பிகளையே பிடித்துத் தூண்டும் எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் காட்டினார்கள். வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. உடம்பின் காவல்படை தன் வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு வந்த ஆய்வுகளும் நீடித்த காணாக்கடியின் பெரும்பகுதிக்கு இந்தத் தன்னெதிர்ப்புத்தான் அடிப்படை என்ற பக்கமே சாய்கின்றன. தைராய்டு எதிர்ப்பொருள்கள் இவர்களிடம் அதிகம் காணப்படுவதும், ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வருவதும் இதோடு ஒத்துப்போகின்றன.

"அதெல்லாம் சரி, மீன் சாப்பிட்டால் எனக்கு வருகிறதே" என்று கேட்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் உணவு அலர்ஜிக்கு ஒரு ஒழுங்கு உண்டு. அநேகமாகச் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வரும், சாப்பிடும்போதெல்லாம் வரும், சாப்பிடாத நாட்களில் வராது. வாரத்தில் ஐந்து நாள் தடிப்பு வருகிறவர் வாரத்தில் மூன்று நாள் மீன் சாப்பிட்டால் இரண்டும் சந்திக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். சந்தித்த நாள் நினைவில் நிற்கிறது, மற்ற நாட்கள் கரைந்துவிடுகின்றன. மீன் விஷயத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய. பிடித்த மீனை உடனே ஐஸில் போடாமல் வெயிலில் வைத்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். குழம்பு கொதிப்பதால் ஹிஸ்டமின் அழியாது. அந்த மீனைச் சாப்பிட்டால் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை வலித்து, அச்சு அசல் அலர்ஜி மாதிரியே இருக்கும். அதே கூடை மீனை வாங்கிய பக்கத்து வீட்டாருக்கும் வந்திருக்கும், கேட்டுப் பார்ப்பதில்லை. அது கெட்ட மீனின் குற்றம். அதற்காக ஆயுசுக்கும் மீனைத் துறக்க வேண்டியதில்லை.

பத்தியத்துக்கு ரத்தப் பரிசோதனையின் முத்திரை கிடைத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஒரே குத்தில் நூறு உணவுகளுக்கு அலர்ஜி சொல்லும் பட்டியல்களில் கோதுமை, பால், கடலை, தக்காளி என்று பத்துப் பதினைந்துக்குச் சிவப்பில் அடிக்கோடு வரும். ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளின் அளவு கூடியிருப்பது அந்தப் பொருளை உடம்புக்குப் பரிச்சயம் என்பதைத்தான் காட்டும்; சாப்பிட்டால் ஒன்றுமே ஆகாத பலருக்கும் அது கூடியிருக்கும். ஐஜிஜி என்ற இன்னொரு எதிர்ப்பொருளை அளக்கும் பட்டியல் அதைவிடப் பயனற்றது. நீங்கள் எதையெல்லாம் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று நீங்களே சொல்லக்கூடிய தகவலைக் காசு வாங்கிக்கொண்டு உங்களுக்கே திருப்பிச் சொல்கிறது. நீடித்த காணாக்கடிக்கு இவை தேவையில்லை என்பதே உலக அளவிலான வழிகாட்டுதல்களின் நிலை. ரத்த அணுக் கணக்கு, அழற்சி அளவுகள் போன்ற சிலவற்றைத்தான் அவை கேட்கின்றன. காரணம் வேறு, கிளறிவிடுவது வேறு என்பதையும் பிரித்துக்கொள்ள வேண்டும். பாவாடை நாடா இறுக்கிய இடம், கைப்பையின் வார் அழுத்திய தோள், வெந்நீர்க் குளியல், மன உளைச்சல் எல்லாம் கிளறிவிடும். ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளால் சிலருக்கு நிச்சயம் அதிகமாகும். கத்தரிக்காயை விட்டவர்கள் மூட்டு வலி மாத்திரையை விட்டுப் பார்த்தார்களா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

மருந்தைப் பற்றிய பயத்தில் பாதி நியாயமானது, ஆனால் அது தவறான மாத்திரையின் மேல் விழுகிறது. அலர்ஜி மாத்திரை என்றாலே தூக்கம் வரும், மந்தம் தட்டும் என்ற பேச்சு அவில், சிபிஎம், ஹைட்ராக்சிசின் போன்ற பழைய தலைமுறை மருந்துகளால் வந்தது. அவை மூளைக்குள் தாராளமாக நுழைகின்றன. மூளையில் ஹிஸ்டமின்தான் விழிப்பைக் காப்பது. அமெரிக்காவின் அயோவாவில் நடந்து 2000இல் வெளியான ஆய்வில் நாற்பது பேரை ஓட்டுநர் பயிற்சிக் கருவியில் உட்கார வைத்தார்கள். பழைய தலைமுறை டைஃபென்ஹைட்ரமின் சாப்பிட்டபோது அவர்கள் மது அருந்தியபோதைவிட மோசமாக ஓட்டினார்கள். புதிய தலைமுறை ஃபெக்ஸோஃபெனடின் சாப்பிட்டபோது மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டது போலவே ஓட்டினார்கள். தூக்கம் வருகிறதா என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதிலை வைத்து யார் மோசமாக ஓட்டுவார் என்று கணிக்க முடியவில்லை என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. "எனக்கு அதெல்லாம் தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுப்பவர் இதை நினைத்துப் பார்க்கலாம். புதியவற்றிலும் எல்லாம் ஒன்றல்ல: செட்ரிசின் கொஞ்சம் மூளைக்குள் போகும், சிலரை நன்றாகவே அசத்தும், ஃபெக்ஸோஃபெனடின் அநேகமாகப் போவதே இல்லை. ஆனால் அதை ஆரஞ்சு, ஆப்பிள் பழச்சாற்றோடு விழுங்கினால் உடம்பில் சேர்வது குறைந்துவிடும், தண்ணீர்தான் சரி. வயதானவர்களுக்குப் பழைய மருந்துகள் வாய் உலர்தல், சிறுநீர் அடைப்பு, மனக்குழப்பம் வரை கொண்டுபோகும். சளி மாத்திரைகள் பலவற்றில் சிபிஎம் மருந்தின் பெயர் அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒளிந்திருப்பதால், இரண்டு மடங்கு சாப்பிடுவது தெரியாமலே நடக்கும்.

சாப்பிடும் முறையிலும் கோளாறு உண்டு. அரிக்கும்போது ஒன்று, அடங்கினால் நிறுத்து என்பது நம் வழக்கம். இந்த மருந்து கொட்டிய ஹிஸ்டமினை அள்ளுவதில்லை. அது போய் உட்காரும் இருக்கையில் முன்கூட்டியே துண்டு போட்டு வைக்கிறது. தடிப்பு எழும்பிய பிறகு துண்டு போட்டு என்ன பயன்? அதனால் நாள்தோறும் சாப்பிடச் சொல்கிறார்கள். ஒன்று போதாவிட்டால் மருத்துவரின் மேற்பார்வையில் புதிய தலைமுறை மருந்தை நான்கு மடங்கு வரை கூட்டவும் வழிகாட்டுதல்கள் இடம் தருகின்றன. அதற்கும் கேட்காதவர்களுக்கு 2014 முதல் ஓமலிசுமாப் என்ற ஊசி இருக்கிறது, விலைதான் தடை. "வேரை விட்டுவிட்டுக் கிளையை வெட்டுவது இது" என்பார்கள். நீடித்த காணாக்கடி பெரும்பாலும் ஓரிரு வருடங்களிலிருந்து ஐந்து வருடங்களுக்குள் தானாகவே அடங்கும் நோய். அதுவரை தூங்கவும் வேலைக்குப் போகவும் முடிவது சின்ன விஷயமல்ல. வேரைத் தேடிப் போகிறவர்கள் கடைசியில் போய் நிற்பது பல நேரம் ஸ்டீராய்டு ஊசியில்தான். அது ஒரே நாளில் அடக்கும், மாதக்கணக்கில் தொடர்ந்தால் சர்க்கரையை ஏற்றும், எலும்பை அரிக்கும். அலர்ஜி மாத்திரைக்குப் பயந்து அதற்குப் போவது வெயிலுக்குப் பயந்து அடுப்படியில் ஒதுங்குவது.

"மாத்திரை பழகிப்போய்விடும், கிட்னி போய்விடும்" என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். செட்ரிசின் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது; ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைப்பார்கள். நல்ல சிறுநீரகத்தை அது கெடுப்பதாகச் சான்று இல்லை. பழகுவதைப் பற்றி முழுக்க மறுக்க முடியாது. மாதக்கணக்கில் அன்றாடம் செட்ரிசினோ லெவோசெட்ரிசினோ சாப்பிட்டு நிறுத்தியவர்களில் சிலருக்கு ஓரிரு நாளில் கடுமையான அரிப்பு வந்ததாக 2017 முதல் 2023 வரை 209 பேரைப் பற்றிய தகவல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு வந்தது. 2025 மே மாதம் அத்துறை எச்சரிக்கை வெளியிட்டது. கோடிக்கணக்கானோர் சாப்பிடும் மருந்தில் இது அரிதுதான், ஆனால் பொய்யல்ல. மருந்துக்கு ஏங்கும் போதைப் பழக்கமும் அல்ல. மாத்திரையை மறுபடி ஆரம்பித்தபோது பெரும்பாலோருக்கு அரிப்பு அடங்கியது. பிறகு படிப்படியாகக் குறைத்ததில் சிலரால் நிறுத்தவும் முடிந்தது. நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் ஒரேயடியாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு மெல்லக் குறைப்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் யோசனை.

மாத்திரையை நம்பி வீட்டில் உட்காரக் கூடாத இடங்களும் உண்டு. தடிப்போடு மூச்சு இரைத்தால், குரல் கம்மினால், நாக்கு தடித்தால், தலை சுற்றி விழுந்தால் அடுத்து வேண்டியது அட்ரினலின் ஊசி; 108ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரிப்பும் தடிப்பும் இல்லாமல் உதடோ நாக்கோ மட்டும் வீங்குகிறவர் ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் வகை மருந்து சாப்பிடுகிறாரா என்று பார்க்க வேண்டும். அந்த வீக்கத்தில் ஹிஸ்டமினுக்கு வேலையில்லை, அதனால் அலர்ஜி மாத்திரை எத்தனை போட்டாலும் வற்றாது; வருடக்கணக்கில் ஒத்துக்கொண்டிருந்த மாத்திரையும் ஒருநாள் திடீரென்று இதைச் செய்யும்.