பள்ளிக்கூடத்தில் மாத்திரை

தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியராக இருப்பவருக்கு, பாடம் நடத்துவது, பதிவேடுகளைப் பேணுவது, சத்துணவு அரிசியின் இருப்பைச் சரிபார்ப்பது ஆகிய வேலைகளோடு, ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எவரும் கற்றுக்கொடுக்காத மற்றொரு கைங்கரியமும் வந்து சேர்கிறது. அது பிள்ளைகளுக்கு மருந்து கொடுப்பது. பள்ளிக்கென்று தனியே செவிலியர் கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையம் சற்றுத் தொலைவில் இருக்கும். கிராம சுகாதாரச் செவிலியருக்கோ கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்க்கவே பொழுது போதாது. ஆகவே தலைவலி என்று வருகிற பிள்ளையும், விளையாட்டில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட பிள்ளையும், கணக்குப் பரீட்சையன்று மட்டும் வயிற்றுவலி காண்கிற பிள்ளையும் அந்த ஒரே மேஜையின் முன் வந்து நிற்பார்கள். அந்த மேஜைக்குப் பின்னால் பல வருஷங்கள் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில், அநுபவத்தில் தெளிந்த சில விஷயங்களை, புதிதாகப் பொறுப்பேற்கும் ஆசிரியர்களையும் பெற்றோர்களையும் உத்தேசித்து எழுதுகிறேன்.

முதலில் வியாழக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2013-ஆம் ஆண்டு தேசமெங்கும் தொடங்கிய வாராந்தர இரும்புச்சத்துத் திட்டத்தின்படி, ஆறாம் வகுப்பு முதற்கொண்டு பிள்ளைகளுக்கு வாரம் ஒரு முறை, இரும்புச்சத்தும் போலிக் அமிலமும் கலந்த நீலநிற மாத்திரை ஒன்று கொடுக்கப்படுகிறது. நம் மாநிலத்தில் அதற்கு வியாழக்கிழமையை வைத்திருக்கிறார்கள். வளரும் வயதில், அதிலும் பெண் குழந்தைகள் பூப்பெய்தும் பருவத்தில், இரத்தசோகை எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதைக் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்கி விழுகிற பிள்ளைகளைத் தாங்கிப் பிடித்த எந்த ஆசிரியருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நல்ல நோக்கத்தோடு வந்த மருந்தும் கொடுக்கிற முறை தவறினால் கெட்ட பெயரைச் சம்பாதித்துக்கொள்ளும். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால், பார்த்துக்கொண்டிருக்கிற பத்துப் பிள்ளைகளுக்கும் குமட்டும். மறுவாரம் பாதி வகுப்பு மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்துப் பிறகு ஜன்னலுக்கு வெளியே துப்பும். எனவே மதிய உணவு முடிந்து, தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு அவர்கள் வரிசையில் வந்த பிறகுதான் டப்பாவைத் திறப்பேன். அன்று சாப்பிடாத பிள்ளைக்கும், நோன்பிருக்கிற பிள்ளைக்கும், காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கும் மாத்திரை கிடையாது. வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதும் கிடையாது.

இரும்புச்சத்து உட்கொண்டால் மலம் கறுத்துப் போகும் என்பதை முன்கூட்டியே தாய்மாருக்குச் சொல்லிவைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிக்கூட வாசலில் சொல்ல நேரிடும். “என்ன மாத்திரை சார் குடுத்திய? புள்ளைக்கு வெளிக்குக் கறுப்பால்லா போகுது!” என்று ஓர் அம்மாள் பதறிக்கொண்டு வந்தது என் நினைவில் இருக்கிறது. அவர் பயந்ததில் தவறொன்றும் இல்லை. மாத்திரை போட்ட உடனே தேநீர் குடித்தால் அச்சத்து உடலில் சேருவது குறையும் என்பதையும், நெல்லிக்காயோ கொய்யாவோ தின்றால் நன்றாகச் சேரும் என்பதையும் அவரிடம் அப்போதே சொல்லி அனுப்பினேன். அதன்பின் ஒவ்வொரு வருஷமும் ஜூன் மாதத்துப் பெற்றோர் கூட்டத்தில் முதலில் பேசப்படும் விஷயமாக இதை ஆக்கிக்கொண்டேன்.

இனிச் சொல்லப்போவது மிகவும் கடுமையான விஷயம். 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் உதகையில், ஒரு பள்ளியில், மாணவர் சிலர் யார் அதிகம் விழுங்குவது என்று பந்தயம் கட்டி இந்த மாத்திரைகளையே ஏராளமாக விழுங்க, எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். வாரத்துக்கு ஒன்றாக உண்டால் ஊட்டமாயிருப்பதே, அளவு மீறினால் குடலையும் கல்லீரலையும் சிதைத்துவிடும். இதில் ஆசிரியர்கள் அவசியம் அறிய வேண்டிய ஒரு சூட்சுமம் உண்டு: மிகுதியாக விழுங்கிய குழந்தை முதலில் வாந்தி எடுத்துவிட்டு, பிறகு சில மணி நேரம் தேறிவிட்டதுபோலவே காணப்படும், அந்தத் தெளிவை நம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டால், உள்ளே நடக்கிற சேதம் வெளியே தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும். ஒன்றுக்கு மேல் விழுங்கியதாகச் சந்தேகம் வந்த மாத்திரத்திலேயே, குழந்தை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும், காலி அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதே உசிதம்.

மாத்திரை விநியோகத்தை வகுப்புத் தலைவனிடம் ஒப்படைக்கிற சம்பிரதாயத்தை நான் அடியோடு வெறுப்பவன். பீரோவின் சாவி தலைமையாசிரியரிடமோ பொறுப்பாசிரியரிடமோ இருக்க வேண்டும். வந்திருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்குச் சரியாக எண்ணி எடுக்க வேண்டும். ஆசிரியர் கண்முன் விழுங்கி, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டிய பிறகே பதிவேட்டில் குறியிட வேண்டும். மிஞ்சியது அன்றைக்கே பீரோவுக்குத் திரும்ப வேண்டும். இதெல்லாம் அலுப்பான காரியம் என்று முணுமுணுத்த சக ஆசிரியர்கள் உண்டு. அலுப்பான காரியந்தான்.

குடற்புழு மாத்திரை இவ்வளவு தொல்லை தருவதில்லை. ஆண்டுக்கு இருமுறை, பெரும்பாலும் பிப்ரவரி 10, ஆகஸ்டு 10 ஆகிய தேதிகளையொட்டி வருகிற 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரையை மென்று விழுங்கச் சொல்ல வேண்டும். விடுபட்டவர்களுக்குச் சில நாள் கழித்து மறு சந்தர்ப்பம் உண்டு. வயிற்றில் பூச்சி மிகுந்த பிள்ளைக்கு லேசான வயிற்றுவலியோ தலைசுற்றலோ வரலாம். நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அரசாங்கம் கொடுக்கும் மாத்திரைகளைவிட, ஆசிரியர்கள் தம் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் மாத்திரைகளே எனக்கு அதிகக் கவலையை உண்டாக்கியவை. காய்ச்சல் மாத்திரையில் பாதியை ஒடித்துக் கொடுப்பதைப் பரோபகாரம் என்று எண்ணுகிறோம். பாரசிட்டமாலின் அளவு வயதைவிட எடையைப் பொறுத்தது. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது வைத்தியர்கள் கணக்கு. ஒரே பெஞ்சில் 24 கிலோப் பையனும் 48 கிலோப் பையனும் உட்கார்ந்திருக்கிற ஆறாம் வகுப்பில், பாதி மாத்திரை என்பதற்கு என்ன அர்த்தம்? காலையில் தாய் ஒரு வேளை மருந்து கொடுத்து அனுப்பினாளா என்பதாவது நமக்குத் தெரியுமா? பெரியவர்களின் வலி மாத்திரைகளோ இன்னும் ஆபத்தானவை. நிமெசுலைடை 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுப்பதை 2011-ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் தடை செய்துவிட்டார்கள். ஆஸ்பிரினோ, டெங்குவாக இருக்கக்கூடிய காய்ச்சலில் இரத்தக் கசிவை மிகுதிப்படுத்தும். ஆகையால் என் மேஜையில் பஞ்சு, கட்டுத்துணி, சோப்பு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் ஆகியவற்றுக்கு மேல் ஒன்றும் இருந்ததில்லை. காய்ச்சல் என்றால் நெற்றியில் ஈரத்துணி, பெற்றோருக்குத் தொலைபேசி. நாய் கடித்தால் கால் மணி நேரம் சோப்பும் ஓடும் தண்ணீரும், உடனே தடுப்பூசிக்கு ஆரம்ப சுகாதார நிலையம். சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் அருகில் வரக் கூடாது.

வைத்தியர் எழுதிக்கொடுத்த மருந்தைப் பள்ளி வேளையிலும் உட்கொள்ள வேண்டிய பிள்ளைகள் தனி வகை. அவர்கள் விஷயத்தில் நான் கேட்பவை: வைத்தியரின் சீட்டு நகல், பெற்றோர் கையொப்பமிட்ட கடிதம், பெயரும் காலாவதித் தேதியும் தெரிகிற அசல் அட்டை. காகிதத்தில் மடித்துக் கொண்டுவரும் பெயரற்ற வெள்ளை மாத்திரையை எவ்வளவு கெஞ்சினாலும் நான் கொடுத்ததில்லை. ஆனால் எல்லா மருந்தையும் பூட்டிவைக்கும் நியமத்துக்கு ஒரு விலக்கு வேண்டும்: ஆஸ்துமாப் பிள்ளையின் இன்ஹேலர் அந்தப் பிள்ளையிடமே இருக்க வேண்டும், மூச்சுத் திணறும்போது சாவி தேட அவகாசம் இராது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளைக்குக் கை நடுங்கி, வியர்த்து, பேச்சுக் குழறினால் உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும் என்பதை வகுப்பாசிரியர் மட்டுமன்றிப் பக்கத்தில் உட்காரும் தோழியும் அறிந்திருப்பது நலம்.

வலிப்பு வந்தவுடன் இரும்புச் சாவியைத் தேடி ஓடுகிற வழக்கத்தைப் பட்டணத்திலும் கண்டிருக்கிறேன். சாவியால் பயனில்லை, பல்லிடுக்கில் கரண்டியை நுழைப்பதால் பல்தான் உடையும். கூட்டத்தை விலக்கி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்; ஐந்து நிமிஷத்தைத் தாண்டினாலும், நின்றதும் மறுபடி வந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வந்து பார்வைக் குறையையும் இருதய முணுமுணுப்பையும் கண்டுபிடிக்கலாம். ஆனால் பரிசோதனையின்போது வராத வலிப்பை, வீட்டார் சொன்னாலன்றி அவர்களால் அறிய இயலாது.

பெண் பிள்ளைக்கு வலிப்பு என்று வெளியே தெரிந்தால் நாளை கல்யாணத்துக்கு இடையூறாகும் என்றெண்ணி அதை மறைக்கிற பெற்றோர்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. என்றாலும் அவர்களிடம் ஒரு விண்ணப்பம்: பள்ளி திறக்கிற முதல் வாரத்திலேயே, பிள்ளைக்கு உள்ள நோயையும், அது உண்ணும் மருந்தையும், ஒத்துக்கொள்ளாத மருந்தையும், அவசரத்துக்கு அழைக்க இரண்டு தொலைபேசி எண்களையும் ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, தலைமையாசிரியர் கையில் நேரிலேயே கொடுத்துவிடுங்கள்.